ஹோதெஸ் என்ற பெயருக்கு இன்னொரு சொல்

எங்கள் துப்னிக் ஊரின் கல்யாண விகடகவி ஷாயாவைப் பற்றிக் கேட்டால், பாதிப் பேர் அவன் அடித்த ஜோக்குகளைச் சொல்வார்கள், மீதிப் பேர் அவன் குடித்த வோட்காவைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெரிய பிடிலைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் அலைந்தவன் நான். அந்த மனிதன் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே ஒரே ஒரு ஆளைப் பழிவாங்கத்தான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் ரெப் ஆன்ஷெல். அவரைப் பற்றி நான் நல்ல வார்த்தை எதுவும் சொல்லப் போவதில்லை. அதை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ரெப் ஆன்ஷெல் எங்கள் ஊரின் பிரசங்கி; ‘ரெப்’ என்பது மரியாதைக்குப் போடுவது. யூதர்களான எங்களுக்கு எபிரேய எழுத்துதான் எண்ணும். அலெஃப் ஒன்று, பெத் இரண்டு என்று போகும். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டி, அதே தொகை வருகிற இன்னொரு சொல்லைக் கண்டுபிடித்தால், அந்த இரண்டுக்கும் ரகசிய உறவு இருக்கிறது என்று பொருள். வேதத்தை அப்படித் திறந்து பார்க்கிற வழக்கம் எங்கள் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. சனிக்கிழமை மாலை ஜெப ஆலயத்தில் ஆன்ஷெல் எழுந்து நின்றால் குளிர்காயக் கணப்பு தேவையில்லை, அவ்வளவு கூட்டம். ஒரு வசனத்தில் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துப் புதுச் சொல் காட்டுவார். எழுத்து வரிசையை வால் தலையாகத் திருப்பி, முதல் எழுத்து நின்ற இடத்தில் கடைசி எழுத்தை வைத்து, தீர்க்கதரிசி பாபிலோனை எந்தப் பெயருக்குள் ஒளித்தான் என்று காட்டுவார். நாங்கள் வாயில் ஈ புகுந்தது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஊரில் எல்லோருக்கும் அந்தப் பித்து உண்டு. கனவு கண்டால் கூட்டுவோம், மாடு தொலைந்தால் கூட்டுவோம், எதிர்வீட்டுக்காரி முட்டைக்கோஸ் கடன் கேட்டால் அவள் பெயரைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். வேதத்தில் ஒரு எழுத்துகூட வீணாக உட்கார்ந்திருக்கவில்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். எனக்கு அதில் இன்றும் சந்தேகம் இல்லை. கூட்டுகிற ஆளின் மேல்தான் சந்தேகம்.

ஷாயாவின் அக்கா ஹோதெஸ். அவர்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சந்தையில் முட்டை விற்றாள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை மர வியாபாரியின் மகன் கால்மனுக்குப் பேசியபோது ஊரே மூக்கில் விரலை வைத்தது. கால்மன்தான் பிடிவாதமாக நின்றான். எங்கேயோ பார்த்திருக்கிறான், பிடித்துப் போயிற்று. தரகனை அவனே அனுப்பினான் என்று பேச்சு.

நிச்சயதார்த்தத்தில் ஒப்பந்தம் வாசித்தாயிற்று. இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து ஒரு பீங்கான் தட்டைப் பிடித்துக் கீழே போட்டு உடைக்க வேண்டும். உடைந்துவிட்டால் பேச்சு உறுதி. தட்டை எடுத்தும் விட்டார்கள். யாரோ ஒரு அதிகப்பிரசங்கி, “ரெப் ஆன்ஷெல், பொண்ணு பேருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்களேன், கேட்டுட்டு உடைக்கலாம்” என்றான்.

ஆன்ஷெல் தாடியைத் தடவினார்.

“ஹோதெஸ்னா மிருதுச்செடி. வாசனை உள்ள செடி. கூட்டினா அறுபத்தொன்பது.” கொஞ்சம் நிறுத்தினார். வருத்தப்படுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார். “நான் என்ன பண்றது, எழுத்தை நான் உண்டாக்கல. ‘துயரம்’ங்கிற சொல்லுக்கும் அதே அறுபத்தொன்பதுதான்.”

அந்தக் கூடத்தில் கூட்டத் தெரியாதவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்தார்கள். சரியாகத்தான் வந்தது. கால்மனின் அம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முட்டைக்கார அம்மாள் மட்டும் அதைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்மன் தன் அம்மாவைப் பார்த்தான். ஹோதெஸ் யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு சொல் சொல்ல, ஒரு இருமலாவது இரும, அந்தக் கூட்டத்தில் ஒரு ஆண்பிள்ளை கிடையாது. வாயில் மீன் வைத்திருந்தவர்கள் மெல்லுவதையும் நிறுத்திவிட்டார்கள். ஷாயா அப்போது மீசை முளைக்கிற வயது. எழுந்து நின்று வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

அடுத்த வாரம் முட்டைக்கார அம்மாள் ஆன்ஷெலின் வீட்டு வாசலில் போய் அழுதாள். வேறு ஒரு சொல் கண்டுபிடித்துத் தாருங்கள், கால்மன் வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்றாள்.

“நான் தேடாமலா இருப்பேன், தாயே?” என்றாராம் அவர். “புத்தகம் புத்தகமாப் புரட்டிட்டேன். வேற ஒண்ணும் சிக்கல. உன் பொண்ணு தலையெழுத்து.”

வசந்த காலத்தில் கால்மனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ஆன்ஷெலின் மகள் ஸ்லாட்டா. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கூட்டி அவர் ஏதேன் தோட்டத்தையே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எனக்கு அன்று வாசிக்கக் கை வரவில்லை. ஆனாலும் வாசித்தேன், பிழைப்பு.

ஹோதெஸுக்குத் ‘துயரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பெண்களுக்கு மெத்தை தலையணை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். துயரம் தைத்த தலையணையில் யார் தலை வைப்பார்கள்? அந்தத் தொழில் போயிற்று. பணக்கார வீட்டு விருந்துகளுக்கு வாத்து உரித்துக் கொடுக்கிற வேலைக்குப் போனாள். செத்த வாத்துக்கு யார் உரித்தால் என்ன? வரன் ஒன்றும் வரவில்லை. ஷாயா படிப்பை விட்டான். அன்று வராத பேச்சு இனி எந்தக் கூட்டத்திலும் வராமல் போகக்கூடாது என்று விகடகவியானான். மாப்பிள்ளை பெண் பெயர்களை வைத்து நின்ற நிலையில் பாட்டுக் கட்டுவான், எழுத்தைக் கூட்டுவான், பெண்ணை உட்கார வைத்து அழவும் வைப்பான், அடுத்த நிமிஷம் சிரிக்கவும் வைப்பான். எந்தப் பெயர் வந்தாலும் அவனிடம் நல்ல சொல் ஒன்று இருக்கும். நொண்டிப் பெண், வாயாடிப் பெண், மூன்றாம் தாரம், எவளையும் அவன் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

ஒரு தடவை வண்டியில் வரும்போது கேட்டேன். “ஊர்ல இருக்கிற பேருக்கெல்லாம் சொல்ற. உங்க அக்கா பேருக்கு ஒண்ணு சொல்லேன்யா.”

“இருக்கு,” என்றான்.

“பின்ன சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னா ஜோக்கும்பாங்க. எந்த வாய் அவளைக் கெடுத்துச்சோ அந்த வாய் சொல்லணும். ஊர் முன்னாடி சொல்லணும். சொல்ல முடியாம திக்கித் திணறினாலும் சரி, அதையும் நான் பார்க்கணும்.” அந்தச் சொல் என்னவென்று எனக்கும் சொல்லவில்லை.

காலம் போனது. முட்டைக்கார அம்மாளும் போய்ச் சேர்ந்தாள். கால்மனின் மகன் பெரெக்குக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஆன்ஷெலுக்குப் பேரன். பெண் பக்கத்து ஊர் மாவு மில் முதலாளி மெய்லெக்கின் மகள். மெய்லெக் ஏதோ கல்யாணத்தில் ஷாயாவைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர். பழைய கதை எதுவும் அறியாமல் அவனையே அமர்த்திவிட்டார். ஆன்ஷெல் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

சேதியை அக்காவிடம் சொல்லப் போனபோது நானும் உடன் போனேன். ஹோதெஸ் முற்றத்தில் வாத்தை மடியில் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“எனக்குத் தெரியும். அந்த வீட்டு வாத்துதான் இது. நாப்பது சொல்லியிருக்காங்க. எல்லாம் ஆன்ஷெல் மாதிரியே கழுத்து.”

“அக்கா, அன்னைக்கு அந்த ஆளை உன் பேருக்கு நல்ல வார்த்தை சொல்ல வைக்கிறேன்.”

“எனக்கு எதுக்குடா நல்ல வார்த்தை? அதை வச்சு ஊறுகாய் போடவா?” ஒரு கொத்து இறகைப் பிடுங்கிச் சாக்கில் திணித்தாள். “அந்தச் சொல்லை நான் எப்பவோ விழுங்கிட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயைத் திறக்கல பாரு, அதுதான் இன்னும் நெஞ்சுல நிக்குது. அந்தச் சத்தமில்லாம இருக்கறது இருக்கே, அதுல அவரை நிக்க வைக்க முடியுமா உன்னால? முடியும்னா சொல்லு. இல்லைன்னா போய் கோமாளி வேலையைப் பாரு.”

ஷாயா கீழே விழுந்த இறகு ஒன்றை எடுத்து அவள் சாக்கில் போட்டான். “முடியும்” என்றான்.

எப்படி முடியும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலுக்குப் போகுமுன் மாப்பிள்ளை மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பிரசங்கம் சொல்ல வேண்டும். எல்லா மாப்பிள்ளையும் பண்டிதனா? மக்கு மாப்பிள்ளை திணறி அவமானப்படக் கூடாது என்பதற்காக, அவன் இரண்டு வரி சொன்னதும் கூட்டமே பாட ஆரம்பித்து அவன் வாயை அடைத்துவிடும். மேதைக்கும் அதே பாட்டுதான், அப்போதுதான் யார் மக்கு என்று தெரியாது. எங்கள் ஊரில் விகடகவி மேசையைத் தட்டினால்தான் பாட்டு தொடங்கும். பாடிவிடுவார்கள் என்ற தைரியத்தில் மாப்பிள்ளைகள் முதல் இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். மூன்றாவது வரிக்கு யார் போனார்கள்?

பெரெக் நல்ல பையன், குதிரைகளோடு பேசத் தெரிந்தவன், எழுத்தோடுதான் ஆகாது. தாத்தா ஆன்ஷெல் அவனுக்காகப் பிரமாதமாக ஒரு பிரசங்கம் செய்து வைத்திருந்தார். அதில் அவனுக்கு ஆரம்பத்தை மட்டும் புகட்டினார். மீதி எதற்கு, அதற்குள் பாட்டு வந்துவிடும் என்று அவரே சொன்னாராம்.

கல்யாணத்தன்று எங்கள் மேளக்காரர்களைக் கூட்டி வைத்து ஷாயா சொன்னான். “நான் தட்டற வரைக்கும் ஒருத்தனும் மூச்சு விடக் கூடாது. விட்டா அடுத்த கல்யாணத்துக்கு வேற ஆளு.”

“ஷாயா, அந்தப் பையன் உனக்கு என்னய்யா பண்ணினான்?” என்று கேட்டேன். சபையில் ஒருவனை அவமானப்படுத்தி முகத்தை வெளுக்க வைப்பது எங்களுக்குப் பெரிய பாவம்.

“எங்க அக்கா அவருக்கு என்ன பண்ணினா?” என்றான்.

கூடம் நிறைந்திருந்தது. மேசையில் தேன் கேக்கும் ஹெர்ரிங் மீனும் வோட்காவும். மாப்பிள்ளை அன்று விரதம், பாவம், ஏற்கெனவே சுண்ணாம்பு நிறத்தில் இருந்தான். அவனுக்கு ஒரு பக்கம் அப்பா கால்மன், மறு பக்கம் தாத்தா ஆன்ஷெல், எதிரே மாமனார் மெய்லெக். பெண்கள் பக்கத்து அறையில் மணப்பெண்ணைச் சூழ்ந்திருந்தார்கள். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

பெரெக் எழுந்தான். பெரியோர்களின் அனுமதியைக் கேட்டான். வசனத்தைச் சொன்னான். தன் பெயரின் தொகையையும் மணப்பெண் பெயரின் தொகையையும் சொன்னான். “இவை இரண்டையும் சேர்த்தால்,” என்று சொல்லிவிட்டு, பாட்டு வரும் என்று புன்னகையோடு நின்றான்.

பாட்டு வரவில்லை.

“சேர்த்தால்,” என்றான் மறுபடியும்.

எல்லோரும் ஷாயாவைப் பார்த்தார்கள். அவன் கன்னத்தில் கை வைத்து ரசித்துக் கேட்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பின்வரிசையில் ஒரு நல்லவர் மெதுவாக முனக ஆரம்பித்தார்.

“யாருய்யா அது, மாப்பிள்ளை வேதம் சொல்றப்போ வயித்துவலிக்காரன் மாதிரி முனகறது?” என்று ஷாயா அதட்டினான். அவர் அடங்கிவிட்டார்.

பெரெக்கின் காது சிவந்தது, பிறகு உதடு வெளுத்தது. ஆன்ஷெல் தாடிக்குள்ளிருந்து என்னமோ முணுமுணுத்து அடியெடுத்துக் கொடுத்தார். பையனுக்கு எட்டவில்லை. மெய்லெக் முகத்தில் ஈயாடவில்லை, தன் மகளை எப்படிப்பட்டவனுக்குக் கொடுக்கிறோம் என்று அப்போதுதான் கணக்குப் போடுகிறார் என்பது தெரிந்தது. பந்தலுக்கு இன்னும் போகவில்லை, மோதிரம் போடவில்லை. எழுந்து போய்விட்டால் போனதுதான்.

“ஷாயா, தட்டு” என்றார் ஆன்ஷெல்.

“என்ன அவசரம் ரெப் ஆன்ஷெல்? இப்பதானே சூடு பிடிக்குது.”

“தட்டுய்யா, புண்ணியமாப் போகும்.”

“பையன் களைச்சிட்டான், வாஸ்தவம். விரதம் வேற.” ஷாயா எழுந்தான். கையை மேசைக்கு ஒரு சாண் மேலே வைத்தான், இறக்கவில்லை. “அவனுக்குப் பதிலா நீங்க ஒரு சின்ன வார்த்தை சொல்லுங்க, உடனே தட்டறேன். பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரு பொம்பளை பேரு. ஹோதெஸ். நல்லதா ஒண்ணு சொல்லுங்க.”

கூடத்தில் பழையவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கால்மன் மட்டும் நிமிர்ந்தார். மேசையிலிருந்து சமையலறைக் கதவுவரை ஒருவரும் அசையவில்லை. கதவருகே ஹோதெஸ் நின்றாள், முழங்கை வரை இறகு ஒட்டியிருந்தது. அவள் கேட்ட மௌனம் இதுதான். அதைக் குடிக்கிறவள் மாதிரி நின்றாள். ஷாயாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கிழவர் இப்போது தேடப்போகிறார், திணறப்போகிறார், எல்லோர் முன்னும் நாக்கு குழறப்போகிறது என்று அவன் காத்திருந்தான்.

அவர் திணறவே இல்லை.

“உயிர்,” என்றார் ஆன்ஷெல். கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. “உயிர்ங்கிற சொல்லுக்கு அறுபத்தெட்டு. சொல்லுக்குன்னு ஒண்ணு சேர்த்துக்கிறது வழக்கம். அறுபத்தொன்பது. மிருதுச்செடிக்கும் அதுதான். போதுமா? தட்டு.”

சரியான கணக்கு. தொகை ஒன்று குறைந்தால் அந்தச் சொல்லுக்காகவே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், எல்லா ஊரிலும் எல்லாப் பெரியவர்களும் செய்வதுதான். தன் மகளின் கல்யாணத்தில் அவரே தாராளமாகச் சேர்த்தவர்தான். ஷாயாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவன் வைத்திருந்த சொல்லும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது இவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று அவன் நினைக்கவில்லை.

“எப்போ கண்டுபிடிச்சீங்க, ரெப் ஆன்ஷெல்?”

கதவுப் பக்கமிருந்து வந்த குரல். கோபமே இல்லாமல், பாடம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். ஆன்ஷெல் யார் கேட்டது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் வித்தைக் கர்வத்தை நான் நன்றாக அறிவேன். பையன் செத்துக்கொண்டு நிற்கும்போதும் அது சாகவில்லை.

“கண்டுபிடிக்க என்ன இருக்கு இதுல?” என்றார். “பேரைக் கேட்ட நிமிஷமே தெரியுமே. மொதல்ல ஞாபகம் வர்றதே அதுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. புத்தகம் புத்தகமாகப் புரட்டியும் சிக்காத சொல். கண்கள் கதவுப் பக்கம் போயின. அங்கே ஹோதெஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். சத்தம் போட்டு இல்லை, பல் தெரிய, நன்றாக. அந்தச் சிரிப்பை நான் என் பகைவனுக்கும் விரும்ப மாட்டேன், ஆன்ஷெலுக்கு விரும்பினேன்.

கால்மன் எழுந்தார். தாடி நரைத்து, தோள் சரிந்து, இத்தனை காலம் மாமனார் வார்த்தையை மீறாமல் வாழ்ந்த மனிதர். ஹோதெஸைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு கிழவர் பக்கம் குனிந்தார்.

“ஒண்ணுதானா, மாமா?” என்றார். “ஒரே ஒண்ணைச் சேர்க்கவா மனசு வரல?”

ஆன்ஷெல் கால்மனின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வேர்த்திருந்தது. அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லத் தவித்தார் என்பது கண்ணில் தெரிந்தது. என் மகளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது என்பாரோ, நான் மனுஷன்தானே என்பாரோ. மன்னித்துவிடு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார்.

“கால்மன், நான் அன்னைக்கு...”

ஷாயா மேசையைத் தட்டினான்.

அப்படி ஒரு தட்டு நான் கேட்டதில்லை, வோட்காக் கிண்ணங்கள் துள்ளின. நாங்கள் பாடினோம். கூடம் முழுக்கப் பாடியது, அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் பாட்டாக வந்தது. பெரெக் அழுதுகொண்டே உட்கார்ந்தான், மெய்லெக் பாய்ந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். கிழவரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கால்மன் காதைக் கொண்டுபோய்ப் பார்த்தார், கேட்காமல் நிமிர்ந்துவிட்டார். ஆன்ஷெல் ஷாயாவைப் பார்த்துக் கையை உயர்த்தி, நிறுத்து, ஒரு நிமிஷம் நிறுத்து என்று ஜாடை காட்டினார்.

ஷாயா மறுபடியும் தட்டினான். நாங்கள் இன்னும் உரக்கப் பாடினோம்.